நாலாம் நம்பர்

லொறியிலிருந்து இறக்கும்போதே
பஞ்சிகாவத்தை ஒழுங்கையில் மலை வாசம்.
நாலு சில்லிலும் காய்ந்த செம்மண்.
பம்பருக்குள் முறிந்த தேயிலைக் கிளை.
சீட்டுக்கு அடியில்
கொழும்பு வெயில் இன்னும் தெரியாத
ஓர் அட்டை.
"கடிக்கும் பாஸ்" என்றான் லோகேஸ்வரன்.
அது ஏற்கெனவே
என் மணிக்கட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அவனுக்குத் தொழில், முன்னால் போவது.
பின்னால் ஆறு ஏ.ரி.வி., ஆறு வெளிநாட்டுக்காரர்.
சாவி கொடுக்க முன் சொல்கிற பாடத்தைக்
கராஜ் தரையில் குந்தியிருந்து ஒப்பித்தான்:
கட்டைவிரல்லதான் வேகம், மெதுவா அழுத்துங்க.
ஏறும்போது முன்னுக்குச் சாயணும், இறங்கும்போது பின்னுக்கு.
நான் கையத் தூக்கினா நிக்கணும்.
என் தடத்த விட்டுப் போகாதீங்க,
அந்தப் பக்கம் வழி மாதிரித் தெரியும்,
வழி இல்ல.

பெல்ட் தேய்ந்திருந்தது. முன் சொக்கில் எண்ணெய்க் கசிவு.
சாமான் வர வேணும், பத்து நாள் என்றேன்.
முகம் சரிந்தது.
முதலாளி வேறு வண்டி தரமாட்டாரா?
"தந்திருக்காரு. ஒன்பதாம் நம்பர்.
அதான் பிரச்சினை."

பிளேன்ரீ ஆறும் வரைக்கும் சும்மா இருந்தான்.
பிறகு சொன்னான்.

படம் எடுக்க நிறுத்துகிற மூன்றாவது இடம்.
எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள்,
அவன் கழற்றுவதில்லை, கம்பனி விதி.
கீழே சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள்.
வந்தவர்கள் கையசைக்க, பெண்களும் அசைப்பார்கள்,
கங்காணி திரும்பிப் பார்க்கும் வரை.
எல்லாக் கையும் இறங்கிய பிறகு
ஒரு கை மட்டும்
கொஞ்சம் பிந்தி இறங்கும்.

"வைஃப் பாஸ். கட்டி எட்டு மாசம்."

அந்தத் தூரத்தில் முகம் ஏது?
எல்லாருக்கும் ஒரே தூசி.
அவள் நம்பரைப் பார்த்துத்தான் கையைத் தூக்குவாள்.
எந்தெந்த ஊர் ஆட்களின் போனில்
அந்தக் கை இருக்கிறதோ,
இவன் போனில் இல்லை.

"ஒன்பது என்று கோல் எடுத்துச் சொல்லலாமே?"

"சொன்னேன்.
அது இவ்வளவு நாளும் சுரங்கவோட வண்டி.
ஒன்பதுக்குக் கை காட்ட
வெக்கமா இருக்குன்றா."

சிரித்ததில் என் தேநீர் கொட்டியது.
அவன் சிரிக்கவில்லை.
அன்றைக்கே தெமட்டகொடைக்குப் போய்
ஒரு சேட்டிடம் பழைய சொக் இரண்டு வாங்கினேன்.

ஏழாம் நாள் இரவு ஓடிப் பார்க்க வேணும்.
கொழும்பில் மலைக்கு எங்கே போவது?
இருக்கிற ஏற்றம் மருதானைப் பாலம் ஒன்றுதான்.
என் மோட்டார் சைக்கிள் முன்னால்,
இந்த முறை அவன் பின்னால்.
வெற்றிலைக் கடை தாண்டி, மூடிய ஷட்டர்கள் தாண்டி,
நான் கையைத் தூக்கினேன், நின்றான்.
பஸ் ஒன்று எங்களை உரசிப் போனது.
"இதெல்லாம் வழி மாதிரித் தெரியுது பாஸ்,"
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான்,
"வழி இல்ல!"

பாலத்து உச்சியில் எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை.
கீழே ஒரு ரயில் போனது.
எந்த ஊருக்கென்று நான் கேட்கவில்லை,
அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இறக்கத்தில் பொலிஸ்காரர் மறித்து
இது காரா, சைக்கிளா, லைசன் எங்கே என்றார்.
மலை வண்டி சேர், வழி தவறி வந்துவிட்டது என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு, தானும் ஒருக்கா ஏறி இருந்து பார்க்கலாமா என்றார்.

காலையில் லொறி வருமுன் கேட்டான்:
"அந்த நாலை இன்னும் பெருசா எழுதலாமா?"

பஸ்ஸுக்கு அடிக்கிற மஞ்சள்தான் மிச்சமிருந்தது.
எழுதினேன்.
ஈரம் காய முதல்
ஒழுங்கைக் கோடிக்கு நடந்துபோய்,
மவ்சூக்கின் ரயர்க் கடை வாசலில் நின்று
கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.
இன்னும் நாலடி பின்னுக்குப் போனான்.
பிறகு கையைத் தூக்கி அசைத்தான்.

யாருக்கென்று தெரியாமல்
கிரீஸ் கையோடு
நானும்.